கம்யூனிகேஷன் மாட்யூலில் டேட்டா வரவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பது எப்படி

பி.எல்.சி.க்கும் (இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கணினி) மீட்டர், டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) போன்ற கருவிகளுக்கும் நடுவே உட்காரும் கம்யூனிகேஷன் மாட்யூலை ரெயிலில் மாட்டி, 24 வோல்ட் கொடுத்து, செட்டிங்ஸ் எல்லாம் போட்ட பிறகும் டேட்டா வரவில்லை என்றால், கை தானாகப் போவது பாட் ரேட்டுக்கும் (வயரில் டேட்டா போகும் வேகம்) ஐபி முகவரிக்கும்தான். இதை மாற்றிப் பார்ப்போம், அதை மாற்றிப் பார்ப்போம் என்று பத்து நிமிடம் போனால், முதலில் எது எந்த மதிப்பில் இருந்தது என்பதே தெரியாமல் போய்விடும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். செட்டிங்கைத் தொடுவதற்கு முன்பு, எந்த மாதிரி பதில் வருகிறது என்பதை மட்டும் பாருங்கள். பதிலே வரவில்லையா, பிழை எண்ணோடு பதில் வருகிறதா, இல்லை பதில் வந்தும் மதிப்பு தப்பாக இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குப் போட்டால் நேரம்தான் வீணாகும்.

நான் இங்கே அதிகம் சொல்லப்போவது ஆர்எஸ்-485 வயரில் ஓடும் மோட்பஸ் ஆர்டியூ, ஈதர்நெட்டில் ஓடும் மோட்பஸ் டிசிபி, இரண்டையும் இணைக்கும் கேட்வே மாட்யூல் ஆகியவற்றைப் பற்றி. மோட்பஸ் என்பது கருவிகள் பேசிக்கொள்ளும் ஒரு மொழி; அதில் கேள்வி கேட்பவர் மாஸ்டர், பதில் சொல்பவர் ஸ்லேவ். ஈதர்நெட்டில் ஓடும் வேறு இரண்டு மொழிகளான ஈதர்நெட்/ஐபி, புரோஃபிநெட் இரண்டுக்கும் தனியாகக் கொஞ்சம் கடைசியில் இருக்கிறது.

ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயம். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் இந்தச் சோதனைகளைச் செய்யாதீர்கள். தொடர்பு அறுந்தால் அவுட்புட்டுகள் அணைய வேண்டுமா, கடைசி நிலையிலேயே நிற்க வேண்டுமா என்பது மாட்யூலில் ஒரு செட்டிங். அது எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் கேபிளைப் பிடுங்கினால் மோட்டார் நிற்கலாம், நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கவும் செய்யலாம். இரண்டாவது, இப்போது இருக்கும் கான்ஃபிகரேஷனை ஃபைலாகச் சேமித்து, மாட்யூலில் கையால் செட்டிங் வைக்கும் டிப் சுவிட்சுகளையும் ரோட்டரி சுவிட்சுகளையும் ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான்.

செட்டிங் போட்டேன், ஆனால் பழையபடியே இருக்கிறது

இது எளிது, அதனால் முதலிலேயே முடித்துவிடலாம். பல மாட்யூல்களில் டிப் சுவிட்சின் நிலையைப் பவர் ஆன் ஆகும்போது மட்டும்தான் படிப்பார்கள், ஓடும்போது சுவிட்சைத் தள்ளினால் ஒன்றும் நடக்காது. அதேபோல சாஃப்ட்வேரில் பாட் ரேட்டை மாற்றி ‘அப்ளை’ அழுத்தினால் அது தற்காலிக நினைவகத்துக்கு மட்டும் போகும், ‘சேவ்’ தனியாக அழுத்தினால்தான் நிரந்தரமாகப் பதியும். பவர் போய் வந்ததும் பழைய மதிப்பு திரும்பிவிட்டது என்றால் இதுதான் காரணம். இன்னொன்றும் உண்டு: டிப் சுவிட்ச் ஏதாவது ஒரு எண்ணில் நின்றால் அதற்குத்தான் முதலுரிமை, எல்லாச் சுவிட்சும் பூஜ்ஜியத்தில் இருந்தால்தான் சாஃப்ட்வேர் மதிப்பு எடுபடும் என்று வடிவமைத்த மாட்யூல்கள் நிறைய இருக்கின்றன. கையேட்டில் இந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

ஐபி முகவரி ஒவ்வொரு முறை பவர் போட்டதும் மாறுகிறது அல்லது காணாமல் போகிறது என்றால், மாட்யூல் இன்னும் டிஹெச்சிபி அல்லது பூட்பி முறையில் (முகவரியை ஒரு சர்வரிடமிருந்து தானாக வாங்குவது) இருக்கிறது என்று அர்த்தம். முகவரி ஒருமுறை கிடைத்ததும் அந்த முறையை அணைத்து நிலையான முகவரியாகப் பூட்ட வேண்டும். 169.254 என்று தொடங்கும் முகவரியைப் பார்த்தால், டிஹெச்சிபி சர்வரைத் தேடிக் கிடைக்காமல் கருவி தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று புரிந்துகொள்ளுங்கள்.

பிங் போகவில்லை

பிங் என்பது ஒரு முகவரியில் கருவி பதில் சொல்கிறதா என்று லேப்டாப்பிலிருந்து கேட்டுப் பார்க்கும் கட்டளை. லிங்க் விளக்கே எரியவில்லை என்றால் கேபிள், போர்ட், பவர் இவற்றைப் பாருங்கள். ஐபி செட்டிங் பக்கமே போக வேண்டாம்.

லிங்க் எரிகிறது, பிங் மட்டும் இல்லை என்றால், விண்டோஸ் என்ன சொல்கிறது என்று கவனமாகப் படியுங்கள். ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ வேறு, ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ வேறு. இரண்டாவது செய்தி உங்கள் லேப்டாப்பின் சொந்த முகவரியிலிருந்தே வந்தால், அந்த ஐபியை வைத்திருப்பது யார் என்று லேப்டாப் கேட்டதற்கு யாருமே கை தூக்கவில்லை என்று பொருள். அதாவது லேப்டாப்பின் கணக்குப்படி அந்த முகவரி இதே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும், ஆனால் இல்லை. மாட்யூலின் உண்மையான முகவரி வேறாக இருக்கலாம். வெறும் டைம் அவுட் என்றால் பாக்கெட் எங்கோ போனது, பதில் திரும்பவில்லை. சப்நெட் மாஸ்க் (எந்த முகவரிகள் ஒரே நெட்வொர்க் என்று சொல்வது), டீஃபால்ட் கேட்வே (வேறு நெட்வொர்க்குக்குப் போகும் வழி), ஃபயர்வால் இவற்றைச் சந்தேகியுங்கள்.

லேப்டாப் 192.168.0.50, மாட்யூல் 192.168.1.20, இரண்டிலும் மாஸ்க் 255.255.255.0 என்றால் ரூட்டர் இல்லாமல் இரண்டும் பேசாது. மூன்றாவது எண் வேறாக இருப்பது அவசரத்தில் கண்ணில் படாது, இதனாலேயே மணிக்கணக்கில் தேடுகிறவர்கள் உண்டு. அதைவிட மோசமானது, லேப்டாப்பின் வைஃபையும் அதே 192.168.1 வரிசையில் இருப்பது. அப்போது பிங் வயர் வழியாகப் போகாமல் வைஃபை வழியாகப் போய்விடும், மாட்யூலுக்கு அது வந்தே சேராது. சோதனை முடியும் வரை வைஃபையை அணைத்து வையுங்கள்.

பிங் போகிறது, ஆனால் விட்டு விட்டு அறுகிறது என்றால் ஒரே முகவரியில் இரண்டு கருவிகள் இருக்கலாம். கண்டுபிடிப்பது சுலபம்: மாட்யூலின் கேபிளைக் கழற்றிவிட்டு பிங் செய்யுங்கள். அப்போதும் பதில் வந்தால் அந்த முகவரியில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். லேப்டாப்பின் ஏஆர்பி அட்டவணையில் (எந்த ஐபி எந்தக் கருவிக்கு என்ற பட்டியல்) அந்த ஐபிக்கு நேராக இருக்கும் மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் முகவரி) பார்த்து, மாட்யூலின் மேல் ஒட்டியிருக்கும் மேக் முகவரியோடு ஒப்பிட்டால் சந்தேகமே இருக்காது.

பிங் போகிறது, ஆனால் மாஸ்டர் இணையவில்லை

பிங் போவதால் மோட்பஸ் வேலை செய்கிறது என்று ஆகிவிடாது. மோட்பஸ் டிசிபிக்கு 502-ஆம் போர்ட் (கேபிள் செருகும் இடம் அல்ல, சேவையின் எண்) திறந்திருக்க வேண்டும். மாட்யூலில் அந்தச் சேவை இயக்கப்பட்டிருக்கிறதா, போர்ட் எண்ணை யாராவது மாற்றியிருக்கிறார்களா, நடுவில் ஃபயர்வால் தடுக்கிறதா என்று பாருங்கள்.

இங்கே அடிக்கடி தப்பிப்போகும் ஒரு காரணம், இணைப்புகளின் எண்ணிக்கை. சின்ன மாட்யூல்கள் ஒரே நேரத்தில் சில டிசிபி இணைப்புகளை மட்டுமே ஏற்கும். ஸ்காடா (கண்காணிப்பு மென்பொருள்) ஒன்று, ஹெச்எம்ஐ (இயக்குபவரின் திரை) ஒன்று, யாரோ சோதனைக்காகத் திறந்து மூடாமல் விட்ட சாஃப்ட்வேர் ஒன்று என்று இடமெல்லாம் நிரம்பிவிட்டால் அடுத்தவருக்குக் கதவு திறக்காது. ‘பவரை அணைத்துப் போட்டால் சரியாகிறது, சில நாள் கழித்து மறுபடி நிற்கிறது’ என்பது இதற்கான தெளிவான அறிகுறி. மறுமுனையில் கேபிள் அறுந்தோ கணினி அணைந்தோ போன பழைய இணைப்புகளை மாட்யூல் இன்னும் உயிரோடு இருப்பதாக நினைத்துப் பிடித்துவைத்திருக்கிறது. செயலற்ற இணைப்பை இத்தனை வினாடிக்குப் பிறகு மூடு என்ற செட்டிங் மாட்யூலில் இருக்கும், அது பூஜ்ஜியமாக இருந்தால் பெரும்பாலும் ‘எப்போதும் மூடாதே’ என்று பொருள். 60 வினாடி போல ஒரு மதிப்பு கொடுங்கள், ஆனால் மாஸ்டரின் கேள்வி இடைவெளியைவிட அது பெரிதாக இருக்க வேண்டும்.

சீரியல் பக்கம் எந்தப் பதிலும் இல்லை

இதில்தான் நேரம் அதிகம் போகும், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். முதலில் பஸ்ஸில் (எல்லாக் கருவிகளும் பகிரும் வயர்) இருக்கும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு மாஸ்டர், ஒரு ஸ்லேவ், ஒரு மீட்டர் நீள வயர் என்று சுருக்குங்கள். இந்த ஜோடி பேசாமல் மற்ற 15 கருவிகளை வைத்துக்கொண்டு தேடுவதில் பயனில்லை.

ஜோடியாக ஆன பிறகு ஐந்து விஷயங்கள் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்: பாட் ரேட், டேட்டா பிட், பாரிட்டி (பிழையைக் கண்டறியும் பிட்), ஸ்டாப் பிட், ஸ்லேவ் முகவரி. மோட்பஸ் விதிப்படி இயல்பான பாரிட்டி ‘ஈவன்’, பாரிட்டி வேண்டாம் என்றால் இரண்டு ஸ்டாப் பிட். ஆனால் நடைமுறையில் ஏராளமான கருவிகள் பாரிட்டி இல்லாமல் ஒரே ஸ்டாப் பிட்டோடு வருகின்றன. அதனால் ‘டீஃபால்ட்டில்தான் விட்டிருக்கிறேன்’ என்பதை இரண்டு பக்கமும் நம்பினால் பாரிட்டி பொருந்தாமல் போவது மிகவும் சாதாரணம். பாரிட்டி தப்பானால் ஸ்லேவ் பிழை என்று கூடச் சொல்லாது, கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டு அமைதியாக இருக்கும். முகவரி 1 முதல் 247 வரைதான், பூஜ்ஜியம் எல்லோருக்குமான அறிவிப்பு என்பதால் அதற்கு யாரும் பதில் சொல்லமாட்டார்கள். கருவியின் முகவரி பூஜ்ஜியத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

எல்லாம் பொருந்தியும் பதில் இல்லையா? ஏ, பி வயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். ஆர்எஸ்-485-இல் எந்த முனையை ஏ என்பது, எந்த முனையை பி என்பது என்பதில் தயாரிப்பாளர்கள் ஒன்றுபடவில்லை. ஒருவருடைய ஏ இன்னொருவருடைய பி. பெயரை நம்பாமல் பிளஸ், மைனஸ் குறியீடு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள், அது இல்லாவிட்டால் மாற்றிப் போட்டுச் சோதியுங்கள். மாற்றிப் போடுவதால் கருவி கெடாது. இதைச் செட்டிங்ஸ் சரிபார்த்த பிறகு செய்யச் சொல்வதற்குக் காரணம், இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் ஒன்றைச் சரிசெய்து மற்றொன்றைக் கெடுத்து, கடைசி வரை பதில் வராமலேயே சுற்றிக்கொண்டிருக்க நேரும் என்பதுதான்.

மாட்யூலில் டிஎக்ஸ் (அனுப்புகிறது), ஆர்எக்ஸ் (பெறுகிறது) விளக்குகள் இருந்தால் அவை நிறையச் சொல்லும். மாஸ்டரில் டிஎக்ஸ் மினுங்குகிறது, ஸ்லேவில் ஆர்எக்ஸ் மினுங்கவில்லை என்றால் வயர். ஸ்லேவில் ஆர்எக்ஸ் மினுங்குகிறது, ஆனால் அதன் டிஎக்ஸ் மினுங்கவில்லை என்றால் கேள்வி வந்து சேர்கிறது, ஆனால் அது தனக்கானது என்று ஸ்லேவ் ஏற்கவில்லை. பாட் ரேட், பாரிட்டி, முகவரி, ஏ-பி மாற்றம் இந்த நான்கில் ஒன்று. ஸ்லேவின் டிஎக்ஸும் மினுங்குகிறது, மாஸ்டர் மட்டும் டைம்அவுட் (காத்திருக்கும் நேரம் முடிந்தது) என்கிறது என்றால் பெரும்பாலும் பதில் தாமதமாக வருகிறது. அதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும்.

9600 பாட்டில், ஓர் எழுத்துக்கு 11 பிட் என்று வைத்தால், ஒரு பைட் போக சுமார் 1.15 மில்லிவினாடி ஆகும். 100 ரெஜிஸ்டரை (கருவி மதிப்புகளை வைத்திருக்கும் 16 பிட் இடம்) படித்தால் பதில் 205 பைட், அது வயரில் போய்ச் சேரவே ஏறக்குறைய 235 மில்லிவினாடி. கேள்விக்கு இன்னொரு 9, அதோடு கருவி யோசிக்கும் நேரம். பல மாஸ்டர்கள் பதில் முழுதாக வந்து முடியும் வரை டைம்அவுட்டை எண்ணும். அப்படிப்பட்டதில் 200 மில்லிவினாடி போட்டிருந்தால் இந்தக் கேள்விக்கு ஒருபோதும் பதில் கிடைக்காது, 10 ரெஜிஸ்டர் கேட்டால் மட்டும் கிடைக்கும். ‘சின்னக் கேள்விக்கு பதில் வருகிறது, பெரியதுக்கு வரவில்லை’ என்றால் முதலில் டைம்அவுட்டைக் கூட்டுங்கள். கேட்வே நடுவில் இருந்தால் டிசிபி பக்கத்து மாஸ்டரின் டைம்அவுட், கேட்வேயின் சீரியல் டைம்அவுட்டைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கேட்வே பதிலோடு திரும்பி வரும்போது கேட்டவர் போய்விட்டிருப்பார்.

பிழை எண்ணோடு பதில் வருகிறது

பலர் இதைப் பார்த்ததும் பாட் ரேட்டை மாற்றப் போகிறார்கள். வேண்டவே வேண்டாம்! ஸ்லேவிடமிருந்து பிழை எண் வந்தால் அது நல்ல செய்தி. வயர் சரி, பாட் ரேட் சரி, பாரிட்டி சரி, முகவரியும் சரி என்று கருவியே உங்களுக்குச் சொல்லிவிட்டது. கேள்வியின் உள்ளடக்கம் மட்டும்தான் அதற்குப் பிடிக்கவில்லை.

எண் 1 என்றால் அந்த ஃபங்க்‌ஷன் கோட் (படி, எழுது போன்ற கட்டளையின் எண்) அதற்குத் தெரியாது. 3-ஆல் கேட்டீர்கள் என்றால் 4-ஆல் கேட்டுப் பாருங்கள்; அளவீடுகளை இன்புட் ரெஜிஸ்டரில் மட்டும் வைத்திருக்கும் மீட்டர்கள் உண்டு. எழுதும்போது வந்தால் 6-க்குப் பதில் 16.

எண் 2 என்றால் ரெஜிஸ்டர் முகவரி இல்லை. பெரும்பாலும் ஒன்று கூடவோ குறையவோ கேட்டிருப்பீர்கள். கையேட்டில் 40001 என்று அச்சிட்டிருப்பது வயரில் பூஜ்ஜியமாகப் போகும், 40108 என்பது 107. சில சாஃப்ட்வேர்கள் இந்தக் கழித்தலைத் தாமாகவே செய்யும், சில செய்யாது. இன்னொரு காரணமும் உண்டு: முதல் ரெஜிஸ்டர் இருக்கிறது, ஆனால் நீங்கள் கேட்ட வரிசையின் நடுவில் ஒன்று இல்லை. அப்போது சில கருவிகள் முழுக் கேள்வியையும் மறுத்துவிடும். ஒரே ஒரு ரெஜிஸ்டரைக் கேட்டு, அது வந்த பிறகு நீளத்தைக் கூட்டுங்கள்.

எண் 3 பெரும்பாலும் அளவு அல்லது மதிப்பு எல்லை மீறல். ஒரே கேள்வியில் 125 ரெஜிஸ்டருக்கு மேல் படிக்க முடியாது, சில கருவிகள் அதைவிடக் குறைவாகவே தரும். எண் 4 கருவியின் உள்கோளாறு, எண் 6 இப்போது வேலையாக இருக்கிறேன், பிறகு கேள் என்பது.

10, 11 இரண்டும் கேட்வே சொல்பவை, சில திரைகளில் இவை 0ஏ, 0பி என்று தெரியும். 10 என்றால் அந்த யூனிட் எண்ணுக்கு (ஸ்லேவ் முகவரி) எந்தப் போர்ட் வழியாகப் போவது என்று கேட்வேக்கே தெரியவில்லை, அதன் வழித்தட அட்டவணையைப் பாருங்கள். 11 என்றால் கேட்வே சரியாகவே சீரியல் பக்கம் கேட்டது, ஸ்லேவ் பதில் தரவில்லை. 11-ஐப் பார்த்தால் ஈதர்நெட் பக்கத்தை மறந்துவிட்டு மேலே சொன்ன சீரியல் பகுதிக்குப் போகலாம்.

மதிப்பு வருகிறது, ஆனால் நம்பும்படி இல்லை

தொடர்பு முழுக்க ஆரோக்கியமாக இருக்கிறது, படிப்பவர் தப்பாகப் படிக்கிறார். 25.0 டிகிரிக்கு 250 வந்தால் பத்தால் வகுக்க வேண்டும். 65526 வந்தால் அது மைனஸ் 10, குறியுடைய எண்ணாக மாற்றுங்கள். 1 வர வேண்டிய இடத்தில் 256 வந்தால் ஒரே ரெஜிஸ்டருக்குள் இரண்டு பைட்டும் இடம் மாறியிருக்கின்றன.

தசம எண்களுக்கு இரண்டு ரெஜிஸ்டர் வேண்டும், எது முதலில் என்பதில் கருவிக்குக் கருவி வேறுபாடு. உங்களுக்கு விடை தெரிந்த ஒரு மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக 100.0 என்பது இரண்டு ரெஜிஸ்டராகப் பார்த்தால் 17096, 0, 1.0 என்பது 16256, 0. மாற்றப்படாத மூல மதிப்பில் பூஜ்ஜியம் முதலில் வந்து 16256 அடுத்து வந்தால் வேர்ட் (ரெஜிஸ்டர்) வரிசையை மாற்றும் செட்டிங்கை இயக்குங்கள். ஊகித்து ஊகித்து நான்கு வகையையும் மாற்றிப் பார்ப்பதைவிட இது நிச்சயமான வழி.

எல்லா மதிப்பும் ஒரு இடம் தள்ளி, வோல்டேஜ் இருக்கவேண்டிய இடத்தில் கரண்ட் என்று வந்தால், மேலே சொன்ன அதே ஒன்று கூடிய முகவரிதான்.

ஓடுகிறது, ஆனால் அவ்வப்போது அறுகிறது

பாட் ரேட், முகவரி போன்ற செட்டிங் தப்பாக இருந்தால் ஒருபோதும் ஓடாது. சில நேரம் ஓடி சில நேரம் ஓடவில்லை என்றால் வயரிங், இரைச்சல், நேரக் கணக்கு இவற்றில்தான் தேட வேண்டும்.

எல்லாக் கருவிகளின் பவரையும் அணைத்துவிட்டு ஏ-க்கும் பி-க்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் அளவு பாருங்கள். இரண்டு கடைசி முனைகளிலும் 120 ஓம் டெர்மினேஷன் (சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் ரெசிஸ்டர்) இருந்தால் 60 ஓமுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 120-க்குப் பக்கத்தில் என்றால் ஒரு முனையில் இல்லை, 40 என்றால் யாரோ நடுவில் ஒரு கருவியின் டெர்மினேஷன் சுவிட்சையும் போட்டிருக்கிறார்கள். இந்த ஒரு அளவு, செட்டிங் பக்கத்தில் செலவிடும் ஒரு மணி நேரத்துக்குச் சமம். வயர் ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு என்று வரிசையாகப் போகட்டும். ஒரே இடத்திலிருந்து நாலா பக்கமும் பிரித்தால் சிக்னல் எதிரொலிக்கும்.

யாரும் பேசாதபோது ஏ, பி இடையே 200 மில்லிவோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரிசீவர் எந்தப் பக்கம் என்று முடிவெடுக்க முடியாமல் குப்பை பைட்டுகளை உருவாக்கும். இந்த வோல்டேஜைத் தரும் பயாஸ் ரெசிஸ்டர் செட்டிங் மாஸ்டர் மாட்யூலில் இருந்தால் அந்த ஒரு இடத்தில் மட்டும் போடுங்கள். மூன்றாவது வயரான சிக்னல் கிரவுண்டையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு வயரே போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், ஆனால் ஆர்எஸ்-485 தாங்கும் பொது வோல்டேஜ் மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரைதான், தூரத்துப் பேனல்களுக்கு நடுவே அதைத் தாண்டுவது பெரிய விஷயமில்லை. மோட்டார் கிளம்பும்போது மட்டும் சிஆர்சி பிழை (டேட்டா வழியில் சிதைந்தது) எண்ணிக்கை கூடுகிறது என்றால், கம்யூனிகேஷன் வயரை டிரைவின் மோட்டார் கேபிளிலிருந்து தள்ளி வையுங்கள், குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

ஈதர்நெட் பக்கம் இதே அறிகுறி வந்தால், ஒரு முனையில் 100 ஃபுல் டூப்ளக்ஸ் (ஒரே நேரத்தில் இரண்டு திசையிலும்) என்று கட்டாயப்படுத்தி மறு முனையை ஆட்டோவில் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை) போய்விடும். பிங் நன்றாக இருக்கும், சுமை கூடினால் பாக்கெட்டுகள் தொலையும்.

மதிப்புகள் மெதுவாக வருவதும் இந்த வகையில் சேரும். 20 ஸ்லேவ், ஒவ்வொன்றுக்கும் 50 மில்லிவினாடி என்றால் ஒரு சுற்று 1 வினாடி. அதில் ஒன்று செத்துப்போய், டைம்அவுட் 1 வினாடி, மறுமுயற்சி 3 என்று இருந்தால் அந்த ஒன்றுக்காகவே 4 வினாடி காத்திருக்க வேண்டும், மற்ற 19-உம் அதற்காகக் காத்துக் கிடக்கும். மறுமுயற்சியை 1 ஆக்குங்கள், பழுதான ஸ்லேவைத் தற்காலிகமாகச் சுற்றிலிருந்து நீக்குங்கள்.

ஈதர்நெட்/ஐபி, புரோஃபிநெட் மாட்யூல்கள்

ஈதர்நெட்/ஐபியில் நெட்வொர்க் விளக்கைப் பாருங்கள். அணைந்திருந்தால் பவரோ ஐபி முகவரியோ இல்லை. பச்சை மினுங்கினால் முகவரி இருக்கிறது, யாரும் இணையவில்லை. சிவப்பு மினுங்கினால் இருந்த இணைப்பு டைம்அவுட் ஆகிவிட்டது. நிலையாகச் சிவப்பு என்றால் முகவரி மோதல். பி.எல்.சி. பக்கம் 16#0109 என்ற பிழை எண் வந்தால் அசெம்பிளி (ஒரே தொகுப்பாகப் பரிமாறும் டேட்டா) அளவு பொருந்தவில்லை: மாட்யூலின் கையேடு பைட்டில் சொல்லும், நீங்கள் 16 பிட் வேர்டில் கொடுத்திருப்பீர்கள். 32 பைட் என்றால் 16 வேர்ட்தான், 32 அல்ல. 16#0204 என்றால் கேட்ட இடத்தில் பதிலே இல்லை, முகவரியையும் கேபிளையும் பாருங்கள்.

புரோஃபிநெட்டில் ஐபியைக் கையால் போட்டுப் பார்ப்பதில் பெரும்பாலும் பலன் இல்லை. கண்ட்ரோலர் கருவியை அதன் பெயரை வைத்துத் தேடி, ஐபியைத் தானே கொடுக்கும். புராஜெக்டில் இருக்கும் பெயரும் கருவியில் எழுதிய பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இடைவெளி, அடிக்கோடு கூடாது, ஹைஃபன் பரவாயில்லை.

பழுதான மாட்யூலை மாற்றினேன், புதியது வேலை செய்யவில்லை

அதே மாடல், அதே செட்டிங், ஆனாலும் இணையவில்லை. புரோஃபிநெட் என்றால் புதிய மாட்யூலுக்குப் பெயர் எழுதப்படவில்லை. ஈதர்நெட்/ஐபியில் 16#0114 போன்ற எண் வந்தால் எலெக்ட்ரானிக் கீயிங்கில் (சரியான மாட்யூல்தானா என்று பி.எல்.சி. பார்க்கும் சோதனை) தயாரிப்பு எண் பொருந்தவில்லை. ‘எக்ஸாக்ட் மேட்ச்’ என்று போட்டிருந்தால் ஃபர்ம்வேர் கொஞ்சம் புதியதாக இருந்தாலே இணைப்பு மறுக்கப்படும், அதை ‘கம்பாட்டிபிள்’ ஆக்கிப் பாருங்கள். பிங் மட்டும் சில நிமிடம் போகாமல் இருந்து தானாகச் சரியானால், மற்ற கருவிகள் பழைய மேக் முகவரியை நினைவில் வைத்திருந்தன, ஏஆர்பி அட்டவணையை அழித்தால் உடனே சரியாகும். சுவிட்சில் மேக் முகவரியால் போர்ட்டைப் பூட்டியிருந்தால் மட்டும் தானாகச் சரியாகாது, நெட்வொர்க் பொறுப்பாளரிடம் புதிய மேக் முகவரியைக் கொடுத்துத்தான் திறக்க வேண்டும்.